டெக்கரேஷன் என்றால் என்ன

26/8, செவ்வாய். மானாம்பதி.

காலையில் தூறல். டெக்கரேஷன் தெர்மாகோல் எல்லாம் நனையாமல் கட்டிலுக்கு மேல்.

போனில் ஆர்டர்! வியாழன் சாயங்காலம், உத்திரமேரூர் மண்டபம், ரிசப்ஷன் மேடை. என் முதல் மேடை. இதுவரை பர்த்டே பலூனும் சர்ச் குடிலும்தான். பேசியவர் யாரென்று கடைசியில்தான் தெரிந்தது: அம்மா நடவுக்குப் போகும் நிலத்துக்காரர். அவர் மகளுக்குத்தான் கல்யாணம். நான் யார் வீட்டுப் பெண் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சந்தோஷம் பாதி, தெரிந்தால் என்ன சொல்வாரோ என்பது பாதி.

நைனாவிடம் சொன்னேன். அந்த வீட்டு விசேஷத்துக்கெல்லாம் தோரணம் கட்டுவது அவர்தான்.

"நான் வாசலோட சரிம்மா. உள்ள இன்னா கீதுன்னு கூட பாத்ததில்ல. நீ மேடைக்கே போறியா?"

27/8, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பூவுக்கு அடிதடி. ரோஜா கிடைத்தது. அதுவே பெரிசு.

டிக்‌ஷனரியில் டெக்கரேஷன் என்றால் அலங்காரம். நம்ம ஊரில் அப்படியா? அலங்காரம் சாமிக்கு, அதை ஐயர் செய்வார். தென்னங்கீற்றில் நைனா கட்டினால் தோரணம். சாவுக்கென்றால் பல்லக்கு கட்டுவது. மேடை, கார், சீர்த்தட்டு, கேக் மேசை: இதெல்லாம் டெக்கரேஷன். கத்தி அதே கத்திதான். ஆனால் தோரணம் கட்டுகிறவருக்கு வாசல், டெக்கரேஷன்காரங்களுக்கு டீ மேடைக்கே வரும்.

நாளை என் முகத்தைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டால்?

அம்மா: "அனுப்பட்டுமே. நாத்து நட ஆளு வேணும்னா நம்ம வூட்டாண்டதான் வரணும்."

28/8, வியாழன்

மேடை ரெடி. சுற்றிலும் ரோஜா, நடுவில் கீற்றால் செய்த மயில். நைனா மடித்துக் கொடுத்தது. என் கண்ணே பட்டுவிடும் என்று பயந்தேன். மதியம் நிலத்துக்காரர் வந்தார்.

"நீ சாமுவேலு பொண்ணு தானே? மேடையில இன்னா பண்ணிக்கினு கீற? தோரணம் வாசல்லதானே?"

"டெக்கரேஷன் நான்தான் சார். போன்ல பேசினீங்களே."

மேடையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அங்கே மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றுவிட்டது. அதற்குள் கல்யாணப் பெண் ஓடி வந்து, "அக்கா, செம!" என்று என்னையும் இழுத்து வைத்து செல்ஃபி எடுத்தாள். அவர் வேன் பக்கம் போனார்.

சாயங்காலம் குடும்ப போட்டோ. அவர் சரியாக மயிலை மறைத்துக்கொண்டு நின்றார். போட்டோகிராபர் என் பக்கம் திரும்பி, "டெக்கரேஷன் மேடம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அத்தனை சனத்துக்கு எதிரில், மேடையில் நின்றுகொண்டு.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நின்றார்.