எந்தத் துணை?

ரத்தோட்டை
2008 மாசி

என் கண்ணுக்கு,

பரீட்சை முடியும்வரை உனக்கு எதுவும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று தங்கேஸ்வரி வந்தாள். எண்பத்து மூன்று கலவரத்தில் நம்மவர் கடைகள் எரிந்தபோது, கைக்குழந்தையான உன்னோடு நின்ற என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாளே, அவளேதான்.

பலாபத்வலைக்குப் போன அவள் மகனை ஆமிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

"உங்க பேத்தி உளவளத்துணை படிக்குதாமே. கேம்ப் வரைக்கும் துணைக்கு வருமாக்கா?" என்றாள்.

"அது அந்தத் துணை இல்லடி. மனசு ஒடைஞ்சவங்க பேசுறத உக்காந்து கேக்குற படிப்பு."

"கேட்டுட்டு?"

அவள் எழுந்து போகவில்லை. இருட்டும்வரை வாசலிலேயே இருந்தாள். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை.

நாளைக்கு நான்தான் அவளோடு போகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவளுக்குச் சிங்களம் சரியாக வராது, எனக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் அங்கே என்ன பேசுவதென்று தெரியவில்லை. உன் அப்பாவைத் தேடிக் கேம்புக்குப் போனபோதும் இதே சிங்களத்தில்தான் கெஞ்சினேன்.

நீ வந்துவிடாதே. பரீட்சையை எழுது.

உன் அப்பாயி