முளை அடித்த கொட்டகை

அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலமாக இருக்கிறேன்.

அத்தானிடம் மன்னிப்புக் கேள் என்று சொல்லியனுப்பினீர்கள். கேட்க மாட்டேன். உங்கள் மாப்பிள்ளை சொன்னது பாதிக் கதை. மீதியைக் கேளுங்கள்.

இங்கே வேலையிடத்தில் சிமெண்டு மூட்டை அடுக்க ஒரு பெரிய துணிக் கொட்டகை போட்டோம். இடமோ பள்ளத்தை நிரப்பிய புதுமண். காங்கிரீட் அடித்தளம் போட்டு, கொட்டகையின் இரும்புக் கால்களை அதில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்றேன்.

"அடுத்த வருஷம் பிரிக்கப்போற கொட்டகைக்கு எதுக்குடா காங்கிரீட்டு? முளை அடிச்சா போதும்" என்றார் அத்தான்.

"பிரிக்கப்போறோம்னு காத்துக்குத் தெரியுமா அத்தான்?"

"எனக்கே பாடம் எடுக்காத. அடி."

இருவருமாக அடித்தோம். மறுவாரம் வீசிய காற்றில் இரும்பு முளைகள் முள்ளங்கி போலப் பிடுங்கிக்கொண்டு வந்தன. கொட்டகை எழும்பிச் சாய்ந்தது. அதன் கால் ஒன்று என் தோளில் பட்டது. லேசான அடிதான், பயப்படாதீர்கள்.

முதலாளி வந்து கேட்டார். நான் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே அத்தான், "மச்சான்தாங்க அடிச்சான். ஒழுங்கா அடிக்கல" என்றார். அத்தான் தன் கையால் அடித்ததில் பிடுங்காமல் மிச்சம் நின்ற ஒரு முளையை நான் இடது கையாலேயே உருவி முதலாளி முன்னால் போட்டேன். அதைத்தான் அவமானப்படுத்திவிட்டேன் என்கிறார் அத்தான். இப்போது அங்கே காங்கிரீட்டுக்குக் குழி தோண்டுகிறார்கள்.

அன்றே அத்தானோடு தங்கியிருந்த அறையை விட்டு வந்துவிட்டேன். இனி அந்த முகத்தில் விழிக்க மாட்டேன்.

முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை இரண்டு அனுப்புங்கள். கையைத் தூக்கிப் பனியன் மாட்ட முடியவில்லை.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. அக்கா கேட்டால், நாங்கள் இருவரும் ஒரே அறையில்தான் இருக்கிறோம், ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்