தாகம் இருக்கும்போதே

கொல்கத்தா,
செப்டம்பர் 2003.

சௌ. அனுராதாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்க இந்த முறை வழியில்லை. போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். ரிசீவரை வைத்த பிறகுதான் சொல்லவேண்டியது ஞாபகம் வருகிறது. அதனால் நிதானமாக எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து படியுங்கள்.

அம்மாவுக்கு டயாலிசிஸை நிறுத்தியாயிற்று. நிறுத்தியது நானில்லை, அவளேதான். போன வாரம் டாக்டர் சாட்டர்ஜியிடம், அவளுடைய அரைகுறை பெங்காலியில், இனி மெஷினில் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மறைக்காமல் சொன்னார். ஒரு வாரமோ, இரண்டு வாரமோ, கொஞ்சம் கூடவோ. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இதயம் பலவீனமானதால் மெஷினில் போட்டாலே பிரஷர் இறங்கிவிடுகிறது. மறுநாள் முழுக்கக் கண் திறப்பதில்லை. கோடை லீவில் வந்தபோது நீயே பார்த்தாய்.

சென்னைக்குக் கொண்டுபோகலாம், ஐ.சி.யூ.வில் வைக்கலாம் என்கிறாய். உன்மேல் கோபமில்லை. நானும் அதையே சொல்லி அவளோடு சண்டை போட்டேன். கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டுகளை நடுங்க வைத்தவன் என்று எனக்குப் பெயர். உன் அம்மாவிடம் அந்த ஜம்பம் பலிக்கவில்லை.

சண்டை எப்படி முடிந்தது என்று கேள். பூஜை அலமாரியில் நாங்கள் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பு இருக்கிறதே, ஈயம் வைத்து மூடியது. கங்கைக் கரையிலேயே உத்தியோகம் பார்த்தவர் வீட்டில் காசி ஜலம் எதற்கு என்று மாடி வீட்டு பெங்காலி மாமி, நம் பௌதி, கேலி செய்வாளே, அதேதான். கடைசி நேரத்தில் வாயில் விடத் தேடக்கூடாதே என்று அதைத் துடைத்து, கட்டிலருகே ஸ்டூலில் வைத்தேன். கண் திறந்தவள் பார்த்துவிட்டுப் பொரிந்து தள்ளினாள். 'கிட்னிக்கு ஆகாதுன்னு ரெண்டு வருஷமா தண்ணிய அளந்து அளந்து குடுத்தேள். நாக்கு வறண்டு கெடந்தேன். முழுங்க முடியாதப்போ விடறதுக்கு ஒரு சொம்பு ஜலமா? தாகம் எனக்கு இப்பன்னா இருக்கு! அதை உள்ள வச்சுட்டு, நல்ல காபியா ஒரு டம்ளர் கொண்டு வாங்கோ' என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சொம்பைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன், அனு.

டாக்டருக்குப் போன் செய்தேன். இனி அந்தப் பழைய கண்டிப்பு வேண்டாம், மூச்சு முட்டாதபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதைக் கொடுங்கள் என்றார். திணறினால் கொடுக்க மருந்து எழுதித் தந்திருக்கிறார். வீட்டுக்கே வந்து பார்க்கிறார். லேக் மார்க்கெட்டில் புதுப் பொடி அரைத்து வாங்கிவந்து, முதல் டிக்காஷனில் கலந்து கொடுத்தேன். பாதிதான் குடித்தாள். சர்க்கரை தூக்கல் என்று குறை வேறு.

இப்போது நிறையத் தூங்குகிறாள். கால் வீங்கியிருக்கிறது. வலி இல்லை என்கிறாள். விழித்திருக்கும்போது பேச்சு தெளிவாக இருக்கிறது, உன்னைப் பற்றித்தான் கேட்கிறாள். ராத்திரி அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நவராத்திரிக்கு லீவு எடுத்து வருவதாகச் சொன்னாய். அதுவரை காத்திருக்காதே. டாக்டரோடு வாதாட வராதே, அவள் மனசை மாற்றவும் வராதே. சொம்பைத் திறக்க நான் ஒருவன் போதும். நீ அதற்கு முன்னால் வந்து, உன் கையால் ஒரு காபி கலந்து கொடு. உன்னையும் சர்க்கரை தூக்கல் என்று குறை சொல்லட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட காலம் க்ஷேமமாக இருக்கவேண்டும். கிளம்பியதும் ஒரு போன் செய். பால் வாங்கி வைக்கிறேன்.

அன்புள்ள அப்பா,
லக்ஷ்மிநாராயணன்