தெருக்கடைசியில் நான் கட்டிய சுவர்

இன்று பிற்பகல் ஒருவர் வழி கேட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். கம்பெனிச் சட்டையில் மெஷின் ஆயில் வாசனை. வழி சொல்லி அனுப்பினேன். வாசனை மட்டும் போகவில்லை. உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, உனக்கு ஒரு வரி எழுதவில்லை நான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓசூரில் லேஅவுட் மேல் லேஅவுட்டாக முளைத்த காலம். நம்முடையதில் மூன்று தெரு. மூன்றும் முன்னால் ஒரே முனையில் மெயின் ரோட்டைத் தொடும். பின்பக்கம் இரண்டு தெருவைப் பக்கத்து லேஅவுட்காரர் வேலி போட்டு அடைத்திருந்தார். என் தெரு மட்டும் திறந்திருந்தது. மூன்று மணி ஷிப்டுக்குத் தொழிற்பேட்டை போகிற பைக் அத்தனையும் என் வாசல் வழியாகத்தான். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர், சும்மா இருப்பேனா? என் தெருக்கடைசியிலும் சுவர் கட்டலாம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். தளியிலிருந்து காய்கறி ஏற்றி லோடு ஆட்டோ ஓட்டிய அடுத்த தெருக்காரன் நீ மட்டும் போடவில்லை.

"அடைச்சா வண்டி கொறையாதுப்பா. எல்லாம் மெயின் ரோட்டு முனையில போயி நிக்கும். மூணு தெருவையும் தொறந்து வுடு, கொஞ்சம் கொஞ்சமாப் பிரிஞ்சு போயிரும்" என்றாய்.

"நீ வண்டிக்காரன், வண்டிக்குத்தான் பேசுவே" என்றேன். சிரித்துவிட்டுப் போனாய். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

தோள் உயரத்துக்குச் சுவர் எழுந்தது. ஒரு வாரம் தெரு அமைதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் சுற்றி வந்த பைக்குகளும் கம்பெனி பஸ்களும் அந்த முனையில் முட்டிக்கொண்டு நின்றன. மூன்று மணிக்கு நம் ஆட்கள் வெளியே போக அரை மணி ஆயிற்று. ரோடு அகலம் போதவில்லை என்று நான் மனு எழுதினேன். சுவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

அப்படி ஒரு மூன்று மணிக்குத்தான் என் மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது. ஆறு வயது. உதடு நீலமாகிவிட்டது. உன் வண்டியில் ஏறினோம். முனையில் நகர வழியில்லை. நீ ரிவர்ஸ் எடுத்து, என் தெருவின் கடைசிக்கு வந்து, சுவரேறிக் குதித்தாய். "பாப்பாவக் குடு" என்று கை நீட்டினாய். அந்தப் பக்கம் மெஷின் ஆயில் வாசனையடிக்கும் கம்பெனிச் சட்டையில் பைக்கில் ஷிப்டுக்குக் கிளம்பிய ஒருவரை மறித்தாய்.

"லேட்டானா ஆவட்டும், ஏறுங்கண்ணா" என்றார் அவர். நீ பாப்பாவோடு பின்னால் ஏறினாய். யாரை உள்ளே விடக்கூடாதென்று கட்டினேனோ, அவர் பைக்கில்தான் என் மகள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவள் தேறி வந்த மறுநாள் கடப்பாரையோடு போனேன். நீயும் வந்தாய். பக்கத்து லேஅவுட்காரரிடம் கன்னடத்தில் பேசி மற்ற இரண்டு வேலியையும் எடுக்க வைத்தது நீதான். வண்டிகள் மூன்றாகப் பிரிந்தன. எந்தத் தெருவுக்கும் பாரமில்லை. "அன்னிக்கே சொன்னேனே" என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. நானாக இருந்தால் வாரம் ஒருமுறை சொல்லியிருப்பேன்.

உன் பாடையை எடுத்ததும் ஷிப்டு நேரத்தில்தான். உன் தெரு முழுக்க ஜனம். பைக்கில் வந்தவர்கள் பார்த்துவிட்டு அடுத்த தெருவில் திரும்பிப் போனார்கள். ஒரு ஹாரன் கேட்கவில்லை. தோள் கொடுத்தவர்களில் நானும் இருந்தேன். கல்லூரிக்குப் போகிற என் மகள் தெருமுனை வரை கூடவே அழுதுகொண்டு நடந்து வந்தாள். அவள் அப்படி நடந்து வருவது நீ கொடுத்தது. அதை உன்னிடம் நேரில் ஒருமுறைகூடச் சொல்லவில்லையே நான்.