கீழ்த்தட்டில் வைத்த மெழுகுதிரி

அக்கா,

இன்று காலை ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். தேன்மெழுகு வாசம் குப்பென்று வந்தது. எருசலேமில் வாங்கிய ஒல்லித் திரிகள்தான். போன கோடையில் நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, ஏசி ஓடாத ரூமில் உருகி வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. முகர்ந்துகொண்டே நின்றதில் டூட்டி பஸ்ஸை விட்டுவிட்டேன். உங்களைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது அக்கா. வேறொன்றுமில்லை.

அந்தப் பயணத்துக்கு நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் லீவு கொடுத்ததே பெரிய அதிசயம். ஒரே கிளினிக்கில் நான் நர்ஸ், நீங்கள் ரிசப்ஷன். ஷார்ஜா முவைலாவில் ஒரே ரூம். நான் குளச்சல்காரி, நீங்கள் யாழ்ப்பாணம். மாதா கோயில் ஆட்களோடு எருசலேமுக்குப் புறப்பட்டுப் போனோம். மதில் சூழ்ந்த அந்தப் பழைய நகரத்தின் நான்கு பகுதிகளையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டுமென்று கைடுக்கு அவசரம். வார்த்தைக்கு வார்த்தை "யல்லா, யல்லா" என்று விரட்டினார்.

முஸ்லிம்கள் பகுதியில் மசாலாக் கடைகளைக் கண்டதும் நின்றுவிட்டீர்கள். "இஞ்ச பார், துபாய் தேராச் சந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வச்ச மாதிரிக் கிடக்கு." நான் ஷார்ஜாவில் கற்ற அரைகுறை அரபியில் எள் ரொட்டிக்குப் பேரம் பேசினேன். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு ஒரு ரொட்டி கூடுதலாகத் தந்தார்.

அடுத்து கிறிஸ்தவர் பகுதி. சந்துக்குள் ஒரு சின்னப் பழைய கோயில். அங்கே மணல் நிரப்பிய இரண்டு தட்டுகள். மேல்தட்டில் உயிரோடிருப்பவர்களுக்குத் திரி ஏற்ற வேண்டும், கீழ்த்தட்டில் இறந்தவர்களுக்கு. வாசலிலேயே ஒரு வயதான கன்னியாஸ்திரி அதைச் சொல்லித்தான் உள்ளே விட்டார். நீங்கள் இரண்டு திரிகளை ஏற்றி என்னிடம் கொடுத்தீர்கள். ஒன்று இறந்துபோன உங்கள் அப்பாவுக்கு. மற்றது, சண்டையின் கடைசி மாதங்களில் காணாமல் போன தம்பிக்கு. "வச்சுவிடு, நான் முழந்தாளில இருந்து செபிச்சிட்டு வாறன்" என்றீர்கள். நீங்கள் எழுந்து வந்து பார்த்தபோது இரண்டும் கீழ்த்தட்டில் எரிந்துகொண்டிருந்தன.

தம்பியின் திரியைப் பிடுங்கினீர்கள். பிடுங்கிய வேகத்தில் அது அணைந்துவிட்டது.

"அவன் செத்திட்டான் எண்டு ஆர் உனக்குச் சொன்னது? இந்த உலகத்தில நான் ஒராள்தான் அவன் வருவான் எண்டு இருக்கிறன். அதையும் அணைச்சுப்போட்டாய்."

"தெரியாம வச்சிட்டேன்க்கா. கையில மெழுகு உருகிட்டு இருந்துச்சு, அந்த அவசரத்துல..."

மறுபடி ஏற்ற நேரமில்லை. வெளியே கைடு கத்திக்கொண்டிருந்தார். நான் வாசலில் ஒரு கட்டுத் திரியை வாங்கிக்கொண்டு உங்கள் பின்னால் ஓடினேன். ஆர்மீனியர் பகுதி முழுக்க நீங்கள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தீர்கள். அந்தப் பகுதியில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் முதுகு மட்டும்தான் நினைவிருக்கிறது.

யூதர் பகுதியைக் கடந்து, அவர்கள் நின்று செபிக்கும் அந்தப் பெரிய சுவருக்கு வந்தோம். பெண்கள் பக்கத்தில் கல் இடுக்குகளில் வேண்டுதல் எழுதிய சீட்டுகளைச் செருகினார்கள். நீங்களும் ஒன்று எழுதிச் செருகினீர்கள். சுவருக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து திரும்பும் அந்தப் பெண்களைப் பார்த்து நீங்களும் அப்படியே வந்து, என் காலை மிதித்து, இருவரும் விழப் பார்த்தோம். அப்போதுதான் சிரித்தீர்கள்.

"பேரை மட்டுந்தான் எழுதினனான். இருக்கிறானோ இல்லையோ எண்டு எழுதேல்லை. இஞ்ச மேல்தட்டு கீழ்த்தட்டு இல்லையே."

அதன்பிறகு வருடாவருடம் தம்பியின் பிறந்தநாளன்று இந்த ஃப்ரிட்ஜ்தான் மேல்தட்டு. தம்ளரில் அரிசி போட்டு ஒரு திரி. உடம்புக்கு முடியாமல் ஊருக்கே திரும்பியபோது டப்பாவை என்னிடம் தந்தீர்கள். "திரி முடிஞ்சு போனா கடையில வாங்கிக் கொளுத்து. கீழ மட்டும் வச்சிடாத" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று மாதத்தில் உங்கள் அக்கா மகள் போன் செய்தாள்.

நீங்கள் உயிரோடிருந்தபோது சொல்லத் துணியாததை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் தெரியாமல் வைக்கவில்லை அக்கா. இத்தனை வருடமாய்க் காணாதவர் இனி எங்கே வரப்போகிறார், அக்காவும் மனதைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று நானே முடிவு செய்து வைத்தேன். பெரிய மனுஷி மாதிரி. மன்னித்துவிடுங்கள்.

இன்று தம்பியின் பிறந்தநாள். ஒட்டியிருந்த திரிகளில் இரண்டைப் பிரித்தெடுத்தேன். ஒன்றை ஃப்ரிட்ஜின் மேல் ஏற்றினேன். உங்களுக்கான தம்ளரைக் கீழே தரையில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரியைக் குத்தக் கை வரவில்லை.

அந்தத் திரியை டப்பாவிலேயே போட்டு மூடி வைத்துவிட்டேன். அடுத்த வருடம் தம்பிக்கு ஆகும்.