துண்டங்களின் நடுவே

கோலா குபு பாரு
7 ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். உடன்படிக்கை ஆராதனையில் சபை முழுதும் எழுந்து நின்று, இந்த வருடமும் என்னை உமக்கே கொடுக்கிறேன் என்று ஒரே குரலில் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாசகம் அச்சிட்ட அட்டை கையில்தான் இருந்தது. நீங்கள் பக்கத்தில் நின்று என் உதட்டையே பார்த்தீர்கள். வீடு திரும்பும்போது காரில் இறால் விலையைப் பற்றி மட்டும் பேசினீர்கள்.

கடவுள் இல்லை என்று நான் சொல்லவில்லை, அம்மா. வாக்குக் கொடுக்கிற அளவுக்கு நிச்சயம் இப்போது என்னிடம் இல்லை. இரண்டு வருடமாக அப்படித்தான். சபை மூப்பரான அப்பா பக்கத்தில் இருக்கும்போது இதைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம்.

இருபத்திரண்டாம் தேதி உங்கள் ஆபரேஷனுக்கு மூன்று நாள் லீவ் எடுத்துவிட்டேன். மார்பில் கட்டி சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு தூங்குங்கள்.

உங்கள் மகள்,
ஷாமளா

---

புக்கிட் பெலிம்பிங்
12 ஜனவரி 2025

என் செல்ல மகள் ஷாமளாவுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் சுகம். நீ இதுவரை சாப்பாடு கட்டிக்கொண்டு போன டப்பாக்களில் ஒன்றுகூட வீடு திரும்பவில்லை.

லீவை ரத்து செய்துவிடு. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்களே தள்ளிப்போட்டதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

கோபப்படாமல் படி. உன் வாய் மூடியிருந்ததைப் பார்த்த அன்றே, எல்லாரும் வெளியே தேநீர் குடிக்கப் போனபோது, நான் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு ஓர் உடன்படிக்கை செய்தேன். இந்த உடம்பில் கத்தி பட விடமாட்டேன், உம்மை மட்டுமே நம்பியிருப்பேன், என் பிள்ளையைத் திருப்பிக் கொடும் என்று.

நான் கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வந்தவள். பத்து வயதில், தம்பி காய்ச்சலில் கிடந்தபோது முருகனுக்குப் பால்குடம் எடுத்தேன். பிழைத்துக்கொண்டான். கேட்கிறவள் எதையாவது கொடுக்கத்தானே வேண்டும்? ஆபிரகாமிடம் ஆடுமாடு இருந்தது. என்னிடம் இந்த உடம்புதான் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா
நல்லம்மாள்

---

புக்கிட் பெலிம்பிங்
19 ஜனவரி 2025, காலை

அம்மா,

உங்கள் கடிதத்தை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். ரயில் வந்து நின்று, கதவு திறந்து, மூடி, போய்விட்டது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. என் மௌனம் உங்கள் உடம்பில் போய் விழும் என்று நான் எப்படி நினைத்திருப்பேன்?

நேற்று ஓடி வந்தேன். நான் பேச்சை எடுத்தவுடன், “வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத லா, கோழி தீயுது” என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதனால் இதை உங்கள் வேதாகமத்துக்குள் வைத்துவிட்டுப் போகிறேன்.

‘அம்மா, நான் திரும்பிவிட்டேன்’ என்று ஒரு பொய் சொன்னால் போதும், நீங்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். மூன்று நாளாக அந்தப் பொய்யை வாயிலேயே வைத்திருந்தேன். சொல்ல முடியவில்லை. அதற்காக என்னை மன்னியுங்கள்.

நம்பிக்கை தளர்ந்தவள் வேதம் சொல்கிறாளே என்று சிரிக்காமல் கேளுங்கள். அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிற இருவரும் மிருகங்களை வெட்டி, துண்டங்களை எதிரெதிரே வைத்து, நடுவே நடப்பார்களாம். வாக்குத் தவறினால் எனக்கும் இதே கதி என்று அர்த்தம். ஆபிரகாமும் வெட்டி வைத்தார். பிறகு என்ன நடந்தது? அவர் அசந்து தூங்கிவிட்டார். புகையும் நெருப்புமாகக் கடவுள் மட்டும்தான் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்து போனார். ஆபிரகாமை ஓரடிகூட நடக்கச் சொல்லவில்லை.

சீனாய் மலையில் ஜனங்கள், கடவுள் சொன்னதெல்லாம் செய்வோம் என்றார்கள். நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை, பொன் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டார்கள். அதனால்தான் எரேமியா தீர்க்கதரிசி, இனி கடவுளின் கட்டளை இருதயத்தில் எழுதப்படும் என்றார். எழுதுகிறவர் கடவுள். என் இருதயத்தில் நீங்கள் எழுத முடியாது, அம்மா. இயேசு புதிய உடன்படிக்கை என்று பாத்திரத்தைக் கொடுத்தபோதும், வாங்கிக் குடித்தவர்கள் அன்றைக்கே ஓடிப்போனார்கள். அவர் பாத்திரத்தைத் திரும்பக் கேட்கவில்லையே. கொடுக்க வேண்டியதை இயேசுவே கொடுத்தாயிற்று என்று ஞாயிறுதோறும் பாடிவிட்டு, உங்கள் உயிரை எதற்குக் கொண்டுபோய் வைக்கிறீர்கள்?

போன் செய்யுங்கள்.

ஷாமளா

---

புக்கிட் பெலிம்பிங்
20 ஜனவரி 2025

ஷாமளாவுக்கு,

உன் கடிதம் அப்பா கையில் அகப்பட்டுவிட்டது. குடும்ப ஜெபத்துக்கு வேதாகமத்தைத் திறந்தது அவர். கடைசி வரி வரை படித்தார். பிறகு கத்தினார்: “ஏண்டி, புள்ளைய வச்சா பேரம் பேசுன? நான் என்னா செத்தா போயிட்டேன், எங்கிட்ட சொல்றதுக்கு?” அப்புறம் ஆபிரகாமின் அந்த அதிகாரத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தார். “எத்தனை தடவை இத சபையில வாசிச்சிருக்கேன். மனுசன் தூங்கிட்டாருன்னு எனக்கே ஒறைக்கல லா.” எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நான் இப்போது ஆபரேஷனுக்குச் சம்மதித்தது, நீ கடவுளிடம் திரும்பி வருவாய் என்று நினைத்து அல்ல. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா பக்கத்தில் நிற்க, நானே போன் செய்தேன். என் இடத்தை வேறொரு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்தது மார்ச் நான்கு.

அம்மா

---

புக்கிட் பெலிம்பிங்
2 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

மார்ச்சில் ஆபரேஷன் முடிந்து வார்டில் நீ என்னோடு இருந்த நாட்களில் என் தலையை எத்தனை தடவை வாரினாய்! அப்போது பேசாததை இப்போது எழுதுகிறேன். திரும்பிவிட்டேன் என்று அன்று நீ பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். சொல்லாததற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மண்டியிட்டவள் நான். இதை நீ சுமக்கக் கூடாது.

நேற்று ரிசல்ட் வாங்கப் போனோம். நீ வேலையில் இருப்பாய் என்று போன் செய்யவில்லை. அப்பா காரிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தனியாகத்தான் உள்ளே போனேன். அக்குளில் எடுத்த ஐந்து நிணநீர் முடிச்சுகளில் மூன்றில் புற்றுநோய் பரவியிருக்கிறதாம். டிசம்பர் ஸ்கேனில் அங்கே ஒன்றும் இல்லை. கீமோ பதினான்காம் தேதி ஆரம்பம்.

அம்மா