முக்கால் பாட்டில் உப்புநீர்

சிஸ்டர், இன்று காலை என் மாமனாருக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். உறையின் ஓரத்தை அவர் கிழித்ததும் புது ரப்பர் வாசனை எழுந்தது. பவுடரும் லேசான கசப்பும் கலந்த வாசனை. வெளிச்சத்துக்காகக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் வெளிச்சத்தைச் சுவர்மேல் காட்டிவிட்டேன். "என்னம்மா, பயமா? அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றார் அந்தப் பெண். நான் திரும்பவில்லை.

குழாய் உள்ளே போனதும், அதன் பக்கவாட்டுக் கிளையில் ஊசிக் குழலைப் பொருத்திக் கொஞ்சம் தண்ணீரை ஏற்றினார். எண்பது வயதிலும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடாதவர் என் மாமனார். "அது எதுக்கு தண்ணி?" என்றார்.

"உள்ள நுனியில ஒரு சின்ன பலூன் இருக்குங்க தாத்தா. தண்ணி போனா ஊதிக்கும். அது இருக்கிற வரைக்கும் டியூப் வெளிய நழுவாது."

"இத்தினி தண்ணியிலயா நிக்குது?"

"இத்தினி தண்ணியிலதாங்க."

அவர் ஆச்சரியத்தில் சிரித்தார். நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதே குழாய்தான் சிஸ்டர். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நீங்கள் அலமாரியிலிருந்து எடுத்ததும் இதே மாதிரிக் குழாய்தான். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. அன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் எல்லோரோடும் நின்றேன், அழக்கூட வரவில்லை. இன்று வந்தது.

அந்த நாளை எனக்குத் தெரிந்தபடி எழுதிவிடுகிறேன். பாதிதான் என் கண்ணால் பார்த்தது. மீதி என் கணவரும் நீங்களும் பிறகு சொன்னது.

மாசித் திருவிழா. தீர்த்தமலைக்குப் போகும் சாலை முழுக்க வண்டியும் ஜனமும். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவை மலையடிவாரத்து மருத்துவ முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு இரண்டாவது பிரசவம், வலி முறையாக வந்தது, நீங்கள் இருந்தீர்கள். பகல் பன்னிரண்டரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. குழந்தையைத் துடைத்து என் நெஞ்சின்மேல் போட்டு, "டீச்சர், உங்க வகுப்புக்கு இன்னொரு அட்மிஷன்" என்றீர்கள். ஊர்ப் பள்ளியில் அறிவியல் டீச்சர் என்பதால் என்னைப் பெயர் சொல்லி நீங்கள் கூப்பிட்டதே இல்லை. நான் சிரித்தேன். அப்போது எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

பிறகு உங்கள் முகம் மாறியது. என் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தித் தேய்த்தீர்கள். குழந்தையை என் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னீர்கள். ஊசி போட்டீர்கள், இன்னொன்று போட்டீர்கள், மாத்திரை வைத்தீர்கள். வார்டு ஆயாம்மா துணி மாற்றினார், மறுபடி மாற்றினார். அவர் அள்ளிக்கொண்டு போன துணியிலிருந்து சொட்டியதை நான் பார்த்துவிட்டேன். பிரசவம் ஆனதும் கருப்பை கல்லுப் போல இறுகிக்கொள்ள வேண்டுமாம். இறுகினால் உள்ளே திறந்துகிடக்கும் ரத்தக் குழாய்களின் வாய் தானாக மூடிவிடும். என்னுடையது பஞ்சு மாதிரிக் கிடந்தது.

எனக்கு வலியில்லை. அதுதான் விநோதம். குளிர்ந்தது, அவ்வளவுதான். காதுக்குள் மெஷின் ஓடுவது போல ஒரு இரைச்சல். மேலே மின்விசிறி சுற்றுவது ஒரு சமயம் தெரிந்தது, ஒரு சமயம் தெரியவில்லை. நீங்கள் போனில் டாக்டரம்மாவிடம் பேசியது துண்டு துண்டாகக் கேட்டது. "நிக்கல மேடம்... எல்லாம் குடுத்தாச்சு மேடம்... ஆம்புலன்ஸ் அரூர்ல இருந்து கிளம்பிருச்சு, கூட்டத்துல மாட்டிக்கிச்சுங்க." பிறகு அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "பொம்மையில பண்ணிப் பாத்திருக்கேன் மேடம். ஆளுக்குப் பண்ணதில்ல."

அதன்பின் நடந்ததை என் கணவர் பல தடவை சொல்லியிருக்கிறார். நீங்கள் வெளியே வந்து அலமாரியைத் திறந்தீர்களாம். ஒரு சிறுநீர்க் குழாய், தையல் நூல், ஒரு பாட்டில் உப்புநீர், குடும்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு ஆணுறை. வராந்தாவில் நின்றிருந்த அவர் அதைப் பார்த்து மிரண்டு போய்க் கேட்டாராம்.

"சிஸ்டர், இது எதுக்குங்க?"

"ரத்தத்த நிறுத்தங்க."

"இதுலயா?"

"இதுலதாங்க. நீங்க ரோட்டுல போயி வண்டி எங்க வருதுன்னு பாருங்க. பேகா, பேகா!"

அவசரம் வந்தால் உங்கள் வாயில் கன்னடம் வந்துவிடும். மாரண்டஹள்ளியில் உங்கள் வீட்டில் பாதி கன்னடம்தானே. சீக்கிரம் என்கிற அந்த ஒரு சொல்லுக்கு அவர் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறார்.

குழாயின் நுனிமேல் அந்த உறையை மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டினீர்கள். கருப்பைக்குள் வைத்தீர்கள். குழாயின் மறுமுனையில் உப்புநீர் பாட்டிலை இணைத்து, ஆயாம்மாவைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னீர்கள். இதில் கொஞ்சம் எனக்கு நினைவிருக்கிறது. அடிவயிற்றில் உள்ளுக்குள்ளிருந்து ஒரு கனம் மெல்ல விரிந்தது. யாரோ ஒருவர் உள்ளே நின்று நாலா பக்கமும் கையை ஊன்றுவது போல. "கால் பாட்டில் போச்சு", "அரை பாட்டில்" என்று ஆயாம்மா சொல்லிக்கொண்டே வந்தார். முக்காலுக்கு வந்தபோது நீங்கள் "நிறுத்துங்க" என்றீர்கள். வெளியே எங்கோ திருவிழா ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"ஆயாம்மா, இங்க பாருங்க. எனக்கு மட்டும்தான் இப்படித் தெரியுதா?"

"இல்லீங்க சிஸ்டர். நின்னுருச்சு."

அடைத்த தண்ணீர் தான் இருக்கும் பாத்திரத்தின் சுவரை எல்லாத் திசையிலும் அழுத்தும் என்று எட்டாம் வகுப்புக்கு எத்தனை வருடமாக நடத்தியிருக்கிறேன். பாலிதீன் பையில் ஊசியால் துளை போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். பக்கமெல்லாம் பீய்ச்சியடிக்கும், அவர்கள் கைதட்டுவார்கள். அந்தப் பாடம்தான் என் உயிரைப் பிடித்து வைத்தது என்பதை இன்றுவரை என்னால் சாதாரணமாக நினைக்க முடிவதில்லை. தானாக மூட மறந்த அத்தனை வாய்களையும் ஒரு மெல்லிய ரப்பர் தோலும் முக்கால் பாட்டில் உப்புநீரும் மூடிக்கொண்டு நின்றன.

ஆம்புலன்ஸ் வந்ததும், குழந்தை அம்மாவிடமே இருக்க, நீங்கள் என்னோடு ஏறினீர்கள். என் கணவர் முன்னால் உட்கார்ந்தார். அரூரில் நிற்க வேண்டாம், ரத்தமும் ஆப்பரேஷன் வசதியும் உள்ள தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மொரப்பூர் தாண்டும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நீர் திரும்பி வராமல் மடித்துக் கட்டியிருந்த குழாயின் வெளிமுனை முடிச்சு தளர்ந்து உப்புநீர் கசிய ஆரம்பித்தது. அதைத் திரும்பக் கட்ட உங்களுக்கு இன்னொரு கை வேண்டும். ஒரு கை என் வயிற்றின்மேல். அதனால் குழாயை மடித்து இரண்டு விரலால் நெரித்துப் பிடித்தீர்கள். தர்மபுரி வரைக்கும் விடவில்லை. "டீச்சர், தூங்காதீங்க. தனிம அட்டவணை சொல்லுங்க" என்றீர்கள். ஹைட்ரஜன், ஹீலியம் என்று தொடங்கினேனாம். போரான் தாண்டவில்லையாம். "பிள்ளைங்கள மட்டும் முட்டி போட வெக்கறீங்க" என்று திட்டினீர்களாம்.

ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுப்பதற்குத் தயாராக இருந்தார்கள். கையெழுத்துக் கூட வாங்கியாயிற்று. பெரிய டாக்டர் பரிசோதித்துவிட்டு நிமிர்ந்து, "இத யாரு போட்டது?" என்று கேட்டாராம். நீங்கள் குற்றவாளி போலச் சுவரோரம் நின்றிருந்தீர்கள். உடுப்பெல்லாம் என் ரத்தம்.

"நாந்தாங்க மேடம்."

"எங்க கத்துக்கிட்ட?"

"ட்ரெய்னிங்ல ஒரு தடவ காட்டுனாங்க மேடம்."

அவர் குனிந்து இன்னொரு தடவை பரிசோதித்தாராம். பிறகு தியேட்டர் பக்கம் திரும்பி, "இப்ப எதையும் எடுக்க வேண்டாம். ரத்தம் ஏத்துங்க, பாப்போம்" என்றாராம்.

மறுநாள் பிற்பகல் உங்கள் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வந்தீர்கள். உள்ளே வைத்த பலூனை எடுக்கும் நேரம். ஒரே அடியாக எடுக்க மாட்டார்கள், கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பார்ப்பார்கள், ரத்தம் வராமலிருந்தால் இன்னும் கொஞ்சம். அந்த இடைவெளிகளில் என் பயத்தைப் போக்க உங்கள் அப்பா கதையைச் சொன்னீர்கள். மாரண்டஹள்ளியில் தக்காளிப் பெட்டி தூக்கியவர், ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மணிக்கட்டில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை இதயம் வரைக்கும் ஓட்டி, நுனியில் அரிசி கனத்துக்கு இருந்த பலூனை ஊதி, அடைத்த பாதையை விரித்துவிட்டார்கள். "நெஞ்சத் தொறக்கவே இல்ல டீச்சர். அவரு டிவியில அதப் பாத்துக்கிட்டே படுத்திருந்தாரு. அவருக்குப் பலூன் ரோட்டத் தொறந்துச்சு. உங்களுக்கு மூடுச்சு. நெனச்சா புல்லரிக்குது."

கடைசித் துளித் தண்ணீரும் போனது. ரத்தம் வரவில்லை. நர்ஸ் அதை மெதுவாக உருவி எடுத்துத் தட்டில் போட்டார். சுருங்கி, தொய்ந்து, வாடிய பூ மாதிரி ஒரு ரப்பர் துண்டு. நாம் இருவரும் அதையே பார்த்தோம். "இத்தினூண்டு" என்றீர்கள். சாமி சந்நிதியில் பேசுகிற குரல் அது. உங்கள் வலது கையின் இரண்டு விரல்களிலும் நீலமாகக் கன்றிய தடம் அப்போதும் இருந்தது.

அதன்பின் உறவு மாதிரி ஆகிவிட்டோம். உங்களுக்கு என் புளிக்குழம்பு பிடிக்கும், எனக்கு உங்கள் ராகி உருண்டை. உங்களுக்கு மாறுதல் வந்து பாலக்கோடு பக்கம் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். எந்தப் பிரசவம் பார்த்தாலும் குழந்தையின் எடையைச் சொல்லாமல் விட மாட்டீர்கள்.

பிறகு உங்கள் மார்பில் கட்டி வந்தது. தெரிந்தபோதே தாமதமாகிவிட்டிருந்தது. ஊர் முழுக்கப் பெண்களைப் பரிசோதனைக்கு அனுப்பிய நீங்கள் உங்களைத் தள்ளிப் போட்டிருந்தீர்கள். நான் கடைசி முறை உங்களைப் பார்க்க வந்தபோது, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கேட்காமலே ஒன்று சொன்னீர்கள்.

"டீச்சர், எல்லாரும் என்னைப் பெருசா பேசுறீங்க. ஒன்னு சொல்லிடறேன். அன்னைக்கு அலமாரியத் தொறந்துட்டு நான் சும்மா நின்னேன். ரொம்ப நேரம் நின்ன மாதிரி இருந்துச்சு. நான் ஒன்னும் பண்ணாம வண்டிக்குக் காத்திருந்து நீங்க போயிருந்தா, யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க. வண்டி லேட்டுன்னுதான் எழுதுவாங்க. நான் ஏதாச்சும் வெச்சு நீங்க போயிருந்தா, என் தலையிலதான் விழும். கதவ மூடிடலாம்னு கைய வெச்சுட்டேன்."

உங்கள் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்தேன்.

"உள்ள இருந்து நீங்க கேட்டீங்க, 'சிஸ்டர், இருக்கீங்களா?'ன்னு. சண்டை போடற மாதிரி இல்ல. வூட்டுல பக்கத்து ரூம்ல இருக்கிறவங்களக் கேக்கற மாதிரி. இருக்கேன்னு சொல்லிட்டேன். சொன்ன பொறவு எப்படி மூடறது?"

சிஸ்டர், நான் அப்படிக் கேட்டது எனக்கு நினைவே இல்லை. எத்தனை முயன்றும் வரவில்லை. அன்றைக்கு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன், அதைச் சொல்லவில்லை. நீங்கள் பயந்தது தெரிந்த பிறகு உங்கள் மேல் எனக்கு இருந்த மலைப்பு குறையும் என்று ஒருவேளை நினைத்தீர்களோ என்னவோ. கூடத்தான் செய்தது. பயமே தெரியாத ஒருவர் காப்பாற்றினார் என்று எட்டு வருடம் நினைத்திருந்தேன். என்னைப் போலவே நடுங்கிய ஒரு பெண், தப்பித்துக்கொள்ள வழி இருந்தும், உள்ளே திரும்பி வந்திருக்கிறார்.

மகள் நான்காம் வகுப்பு. அவள் நன்றாக இருக்கிறாள், அதற்கு மேல் அவளைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்று அவர்கள் எடுத்திருக்க வேண்டிய கருப்பை இன்னும் என்னிடம் இருக்கிறது. மாதாமாதம் ரத்தம் வருகிறது, நான்காம் நாள் நிற்கிறது. மற்ற பெண்களுக்கு அது ஒரு தொல்லை முடிந்த நாள். எனக்கு அது நிற்பதே ஒரு பெரிய காரியம். பள்ளிக்கூடக் கழிப்பறையில், அவசரத்தில், பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில், நின்றுவிட்டது என்று தெரியும்போது ஒரு நொடி அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். கும்பிடத் தோன்றுகிறது. யாரை என்று இனி எனக்குக் குழப்பமில்லை.